ஒரு பூவுக்குள் இருபத்தொரு பூ

வித்தியாதரிசியின் வலது கைப் பெருவிரல்தான் எனக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருகிறது. நகம் ஒட்ட வெட்டிய, தடித்த, மிகச் சுத்தமான விரல். மேசை மேல் வேரில் ஈரமண்ணோடு கிடந்த இரண்டு புல்பூண்டுகளிலிருந்தும் ஒவ்வொரு பூவைக் கிள்ளி எடுத்தார். இரண்டையும் இடது உள்ளங்கையில் போட்டு அந்த விரலால் அழுத்தித் தேய்த்தார். அவசரப்படவில்லை. புகையிலை கசக்குபவரைப் போல நிதானமாக, சுற்றிச் சுற்றித் தேய்த்தார். இரண்டு பூவும் ஒரே ஊதாக் கசடாகிப் போனதும், அந்தக் கையை என் பக்கத்தில் நின்ற சின்ன டீச்சரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இப்ப இதில எது எந்தப் பூ எண்டு பிரிச்சுக் காட்டுங்க பாப்பம்."

தலைமையாசிரியர் சிரித்தார். வகுப்பிலிருந்த முப்பது பெண்பிள்ளைகளில் பாதிப் பேர், பெரியவர்கள் சிரிக்கிறார்களே என்று சிரித்தார்கள். என் வாயும் ஒரு பக்கமாகக் கோணியது. அது எனக்குத் தெரிந்தது. நான் அதைத் திருத்தவில்லை.

இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது நல்லதை மட்டும் பேச வேண்டும் என்பார்கள். அந்த மனிதர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அவரைப் பற்றி நல்லது சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

பாடசாலைகளைச் சோதித்துப் பார்க்க வருடத்துக்கு ஒரு முறை வரும் அரசாங்க உத்தியோகத்தருக்கு அந்தக் காலத்தில் வித்தியாதரிசி என்று பெயர். அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதுக் கடற்கரையை ஒட்டிய ஒரு முஸ்லிம் பெண்கள் பாடசாலையில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காரைதீவிலிருந்து தினமும் நடந்து வருவதால் பிள்ளைகளுக்கு நான் காரைதீவு டீச்சர். எனக்கு ஒரு வருடம் பின்னால் வந்து சேர்ந்தவள் சின்ன டீச்சர். உருவத்திலும் சின்னவள்தான். அந்தப் பாடசாலைக்கு நாலு வளவு தள்ளித்தான் அவள் வீடு. அந்தத் தெருவில் பெரிய வகுப்பு வரைக்கும் படித்த முதல் பெண்பிள்ளை; கையில் வெண்கட்டியோடு கரும்பலகைக்கு முன்னால் நின்ற முதல் பெண்ணும் அவளே.

அவளுடைய வாப்பா கல்முனைக் கடைத்தெருவில் மணிக்கூடு திருத்துபவர். பெண்பிள்ளையை ஏன் உத்தியோகத்துக்கு விடுகிறாய் என்று அவரைக் கேட்காத ஆள் இல்லை. அவர் கண்ணில் செருகிய பூதக்கண்ணாடியைக் கழற்றாமல், தலையையும் நிமிர்த்தாமல், "ஓடுற மணிக்கூட்ட நான் நிப்பாட்டுறல்ல" என்பாராம். தொழிலுக்கு உதவாமல் விளிம்பு உடைந்துபோன ஒரு பழைய கண்ணாடியை மகளுக்குக் கொடுத்திருந்தார். அவள் அதில் மணிக்கூடு பார்க்கவில்லை. பூப் பார்த்தாள்.

இயற்கைப் பாடத்துக்கென்று அவளிடம் இருந்தது ஒரு கிழிந்த ஆங்கிலப் புத்தகம் மட்டும். அதில் கண்ட படங்கள் சீமைப் பூக்களின் படங்கள். ஆனால் அதில் ஒரு பக்கத்தில் அவள் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்று இருந்தது. சூரியகாந்தியின் சாதியைச் சேர்ந்த செடிகளில் நாம் ஒரு பூ என்று சொல்வது ஒரு பூ அல்ல. பல சின்னஞ்சிறு பூக்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டம். இதை வாசித்த நாளிலிருந்து அவள் காலடியில் கிடந்த எதையும் சும்மா விடவில்லை. கிணற்றடி ஈரத்தில் நிற்கும் கரிசலாங்கண்ணியையும் மணல் ஒழுங்கையில் படரும் மூக்குத்திப்பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் வெள்ளைப் பூ. கிட்டப் போய்ப் பார்த்தால், மூக்குத்திப்பூவின் விளிம்பில் அகலமான நாலைந்து இதழ்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். கரிசலாங்கண்ணியின் விளிம்பில் நூல் நூலாக எண்ண முடியாத இதழ்கள். தண்டை நசுக்கினால் கரிசலாங்கண்ணிச் சாறு விரலில் கறுத்துப் போகும். மற்றது கறுக்காது. இவ்வளவும் பிள்ளைகள் தங்கள் விரலாலேயே கண்டுபிடிக்கும்படி அவள் வகுப்பை நடத்தினாள்.

ஆனால் அவளால் வயல் பக்கம் போக முடியாது. கல்யாணமாகாத பெண் தனியே வரம்பில் நடந்தால் ஊர் என்ன கதைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பூண்டு கொண்டுவருவது என் வேலையானது. காரைதீவிலிருந்து வரும் வழியில் வரம்போரத்திலும் தென்னந்தோட்டத்திலும் கண்டதையெல்லாம் வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருவேன். "வந்திட்டா புல்லுக்காரி!" என்று சிரிப்பாள். இடைவேளையில் இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த உடைந்த கண்ணாடியை மாறி மாறிக் கண்ணில் வைத்துப் பார்ப்போம். ஒரு கண் மூடித் திறப்பதற்குள் அவள் எண்ணி முடிப்பாள். நான் ஊசியால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவேன்.

அந்த வருடம் முழுக்க எங்களைப் பிடித்து வைத்திருந்தவை இரண்டு ஊதாப் பூக்கள். ஒன்று சீதேவியார் செங்கழுநீர், மற்றது முயற்செவி. இரண்டும் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் பூண்டுகள். இரண்டிலும் காம்பு நுனியில் சின்ன ஊதாத் தூரிகை வைத்தாற்போலப் பூ. இரண்டும் முற்றினால் வெள்ளைப் பஞ்சாகி மழைக்குப் பிந்திய காற்றில் பறக்கும். ஊரில் அநேகம் பேர் இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அவள்தான் எனக்குப் பூவைத் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னாள்.

"பூவப் பாக்காதீங்க டீச்சர். பூ ஏமாத்தும். பூவுக்குக் கீழ கிடக்கிற பச்சக் கூட்டப் பாருங்க."

பார்த்தேன். சீதேவியார் செங்கழுநீரின் கூடு வீட்டுக்கு ஓடு வேய்ந்ததுபோல இருந்தது. கூரான சிறு செதில்கள், சாம்பல் மயிர் படர்ந்து, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று நாலு அடுக்கு. முயற்செவியின் கூடோ பீப்பாய். எட்டோ ஒன்பதோ பலகை, ஒரே உயரம், ஒரே வரிசை, மழமழவென்று. அதன் பிறகு இலை. சீதேவியாரில் இலை காம்போடு தனியே நின்றது. முயற்செவியில் மேல் இலைகளின் அடி இரண்டு காதாக விரிந்து தண்டைக் கட்டிப் பிடித்திருந்தது. ஒரு முறை பார்த்த பின் அந்த இரண்டையும் ஒன்றென்று நினைக்க முடியவே முடியாது. சீதேவியாரின் ஒரு பூவுக்குள் இருபத்தொரு பூ எண்ணினோம். இருபதும் வரும், இருபத்திரண்டும் வரும். நாங்கள் பிள்ளைகளுக்குக் காட்டியதில் இருபத்தொன்று. முயற்செவிக்குள் நாற்பதுக்கு மேலே.

வித்தியாதரிசி வந்த அன்று மேசையில் கிடந்த இரண்டு பூண்டுகளும் நான் காலையில் பறித்து வந்தவை. ஒன்று சுடலைப் பக்கத்து மணலில், மற்றது வாய்க்கால் ஓரத்தில்.

அவர் வெளியூர்க்காரர். கறுப்புக் கோட்டுப் போட்டு, காரில் வந்து இறங்குவார். தமிழில் பெரிய புலமை உள்ளவர் என்று சொல்வார்கள், செய்யுள் கட்டுவாராம். யாராவது ஒருவரைப் பிடித்து மற்றவர்கள் சிரிக்கும்படி செய்வதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது. எங்கள் பாடசாலையில் மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்ததும், முன் வாங்கில் இருந்த பிள்ளையிடம் மேசையிலிருந்த பூவைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். மீன் வியாபாரி ஒருவரின் மகள் அவள். பயமில்லாத பிள்ளை.

"சீதேவியார் செங்கழுநீர் சேர். ஒரு பூவுக்குள்ள இருபத்தொரு பூ கிடக்கு."

"ஒரு பூவுக்குள்ள இருபத்தொரு பூவா! அப்ப ஒரு மாங்காய்க்குள்ள எத்தின மாங்காய்?"

சிரிப்பு. சின்ன டீச்சர் சிரிக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாக, "சேர், நகத்தால பிரிச்சுப் பாத்தாத் தெரியும். கண்ணாடியும் கிடக்கு" என்று அந்த உடைந்த கண்ணாடியை நீட்டினாள். அதுதான் அவள் செய்த குற்றம். அவர் கண்ணாடியை வாங்கவில்லை. பக்கத்தில் கிடந்த மற்றப் பூண்டைக் காட்டி, இது என்ன என்றார். முயற்செவி, இது வேறு என்றாள். இரண்டும் ஒன்றுதான், இளசு ஒன்று, முற்றல் ஒன்று என்றார். "இல்ல சேர்" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகுதான் அந்தப் பெருவிரல்.

கசடான கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"காரைதீவு டீச்சர், நீங்க சொல்லுங்க. இது ரெண்டும் ஒண்டுதானே?"

எனக்கு அந்த வருடம்தான் உத்தியோகம் நிரந்தரமாக வேண்டும். அப்பா இல்லை. வீட்டில் அம்மாவும் படிக்கிற இரண்டு தம்பிமாரும். இதெல்லாம் உண்மை, ஆனால் அந்த நேரத்தில் இவை ஒன்றும் என் மனதில் ஓடவில்லை. அந்தக் கை அடுத்ததாக என் முகத்துக்கு நேரே நீளும் என்ற பயம் மட்டும்தான் இருந்தது.

"எனக்குத் தெரியா சேர்" என்றேன்.

சின்ன டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையில் சிந்திக் கிடந்த மண்ணைக் கையால் கூட்டி அள்ளினாள்.

பாடசாலைக்கு வரும் அதிகாரிகள் தங்கள் குறிப்பை எழுதிவைக்க லொக் புத்தகம் என்று ஒன்று இருக்கும். அதில் எழுதியதைக் கிழிக்க முடியாது, அழிக்க முடியாது. அவர் போனபின் தலைமையாசிரியர் அதைத் திறந்து எங்களுக்குக் காட்டினார். இயற்கைப் பாடம் கற்பிக்கும் உதவி ஆசிரியைக்குப் பாட அறிவு போதாது. ஒரு பூண்டை இரண்டு என்றும் ஒரு பூவை இருபத்தொன்று என்றும் பிள்ளைகளுக்குப் பிழையாகக் கற்பிக்கிறார். இவரது தற்காலிக நியமனத்தை நீடிக்கச் சிபாரிசு செய்யவில்லை. அழகான சாய்வெழுத்து. அதற்குக் கீழே இரண்டு வரி: மற்ற உதவி ஆசிரியை அடக்கமும் பாடத் தேர்ச்சியும் உள்ளவர், நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்கிறேன்.

அந்த இரண்டு வரியில்தான் நான் முப்பத்தைந்து வருடம் சோறு தின்றேன்.

தவணை முடிந்ததும் அவளை நிறுத்தினார்கள். அவளை வேலைக்கு விட்டதற்காக வாப்பாவைக் கேள்வி கேட்டவர்களுக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது, இவளுக்கு ஒன்றும் தெரியாதென்று. "இருபது பூ டீச்சர்" என்று அவளுக்குப் பெயர் விழுந்தது. அவள் வீட்டு வேலியோரம் போகிற பொடியன்கள் "ஒரு மாங்காய்க்குள்ள எத்தின மாங்காய்" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். நாலு மாதத்தில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மருதமுனைக்காரர், நல்ல மனிதர். அந்த ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடிவந்து, பின்வளவில் கொட்டில் போட்டு இரண்டு கைத்தறிகளை நிறுத்தினார். சின்ன டீச்சர் நூல் சுற்றப் பழகினாள். பாடசாலை மணி அடித்தால் அந்தக் கொட்டிலுக்கு நன்றாகக் கேட்கும்.

நான் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. பாடசாலைக்கு வரும்போதும் போகும்போதும் அவள் வீட்டு ஒழுங்கையைத் தவிர்த்துக் கடற்கரை வழியால் சுற்றிப் போனேன். என்னுடைய வெட்கத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் இருந்த காலத்தில்தான் அந்த மனிதர் மேல் எனக்கு ஆத்திரம் முளைத்தது. முளைத்ததை நான் பிடுங்கவில்லை, தண்ணீர் ஊற்றினேன். ஆசிரியர் கூட்டங்களில் அவரைக் காணும்போது எழுந்து நின்று வணக்கம் சொல்வேன். "எப்பிடி, காரைதீவு டீச்சர்?" என்று அன்பாகக் கேட்பார். நல்லாயிருக்கிறேன் சேர் என்பேன். அந்தச் சுத்தமான பெருவிரலைப் பார்த்துக்கொண்டே சொல்வேன்.

மலைநாட்டில் செடிகொடிகளுக்குப் பெயர் பார்த்துச் சொல்லும் அரசாங்க அலுவலகம் ஒன்று இருப்பதாகத் தம்பி சொன்னான். இரண்டு பூண்டுகளையும் பத்திரிகைத் தாளுக்குள் அழுத்திக் காயவைத்து, தம்பியைக் கொண்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதுவித்து அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து தட்டச்சில் பதில் வந்தது. இரண்டும் வெவ்வேறு இனம். ஒரே பெருங்குடும்பத்தில் வெவ்வேறு கிளை. இரண்டுக்கும் நீளமான இலத்தீன் பெயர்கள். பூப்போலத் தெரிவது பல பூக்களின் தொகுதி என்றும் ஒரு வரி.

அந்தக் கடிதத்தை அன்றே தலைமையாசிரியரிடம் கொண்டுபோயிருக்கலாம். அவர் வாசித்து, "ஓம், சரிதான் போல" என்று மடித்து ஒரு கோப்புக்குள் வைத்திருப்பார். அதோடு முடிந்திருக்கும். எனக்கு அது போதாது. அந்த மனிதர் தான் சொன்னதைத் தன் வாயாலேயே இன்னொரு முறை சொல்ல வேண்டும். அவர் யாருக்குப் பயப்படுகிறாரோ அந்த ஆளுக்கு முன்னால் சொல்ல வேண்டும். கடிதத்தைச் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். இரண்டு வருடம் அது அங்கே கிடந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் சில வேளை எடுத்து வாசிப்பேன். ஆங்கிலம் எனக்கு அரைகுறைதான். ஆனாலும் மனப்பாடமாகிவிட்டது.

மூன்றாம் வருடம் மாரி தொடங்கும்போது தலைமையாசிரியர் ஒரு செய்தி கொண்டுவந்தார். மாகாணத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெரிய அதிகாரி, வித்தியாதரிசியோடு சேர்ந்து பாடசாலைகளைப் பார்க்க வருகிறாராம். முன்பு கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவராம். "செடி கொடி எண்டா விசர் புடிச்ச மனிசனாம். தோட்டத்தக் கொஞ்சம் துப்புரவாக்குங்க டீச்சர்" என்றார்.

நான் தோட்டத்தைத் துப்புரவாக்கினேன். கத்தரியும் வெண்டியும் நின்ற இரண்டு பாத்திகளைக் கொத்தி மறித்து, ஒன்றில் சீதேவியார் செங்கழுநீரையும் மற்றதில் முயற்செவியையும் நட்டேன். தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"என்ன டீச்சர் இது? புல்ல நட்டுத் தண்ணி ஊத்துறீங்க?"

"மூலிகப் பாத்தி சேர்."

மழை விட்டுவிட்டுப் பெய்த அந்த இரண்டு மாதமும் நான் அந்தப் பாத்திகளைப் பார்த்த மாதிரி பிறகு நான் பெற்ற பிள்ளைகளைக்கூடப் பார்த்ததில்லை. பஞ்சாகிப் பறக்கும் தலைகளைக் கிள்ளிவிட்டால் மறுபடி பூக்கும், கிள்ளினேன். ஆடு வராமல் கிடுகு வேலி கட்டினேன். ஊர் முழுக்க யாரும் விதைக்காமல் முளைக்கும் பூண்டுக்கு நான் வேலி கட்டியதைப் பார்த்துச் சக ஆசிரியைகள் சிரித்தார்கள்.

வருகைக்கு முதல் நாள் கல்முனைக் கடைத்தெருவுக்குப் போனேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவளுடைய வாப்பாவின் முன்னால் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணில் இருந்த கண்ணாடியை, தொழிலுக்கு வைத்திருந்த நல்ல கண்ணாடியையே, கழற்றி என் கையில் வைத்தார்.

"கொண்டு போங்க மகள். அந்தாளு நல்லாப் பாக்கட்டும்."

பெரிய அதிகாரி வெள்ளைக் காற்சட்டை போட்ட, மெலிந்த, பேச்சுக் குறைந்த மனிதர். வகுப்புகளை வேகமாகப் பார்த்து முடித்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தார். பாத்திகளைக் கண்டதும் அவர் நடை மெதுவானது. வித்தியாதரிசி அரையடி பின்னால் நின்றார். நான் முன்னால் போய், தலையைக் குனிந்து, என் வாழ்க்கையில் நான் பேசிய மிக அடக்கமான வார்த்தைகளைப் பேசினேன்.

"மூண்டு வருசத்துக்கு முந்தி இந்த ரெண்டப் பத்தி சேர்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினது. பெரியவருக்கும் சேரே சொன்னா நல்லம்."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். பார்த்தால் இரண்டு மாதிரித் தெரியும், உண்மையில் ஒரே பூண்டுதான். இளசில் ஒரு விதம், முற்றினால் ஒரு விதம். பாமர மக்கள் இரண்டு பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். நாங்கள் படித்தவர்கள் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். இவ்வளவும் சொன்னார். பெரிய அதிகாரி அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு மண்ணில் குந்தி உட்கார்ந்து ஒரு பூவைக் கிள்ளினார்.

"இத எங்க படிச்சீங்க?" என்றார்.

வித்தியாதரிசி பதில் சொல்லத் தொடங்குமுன் நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வரிசையில் நின்ற மீன் வியாபாரியின் மகளைக் கூப்பிட்டேன். அவளிடம் எதையும் சொல்லி வைக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. இரண்டு பூவையும் தலைகீழாகப் பிடித்தாள். இது ஓடு வேய்ந்த கூடு, இது பீப்பாய்க் கூடு என்றாள். இந்த இலை காம்பில் நிற்கிறது, இந்த இலை காதால் தண்டைப் பிடிக்கிறது என்றாள். இந்த ஒரு பூவுக்குள் இருபதுக்கு மேல் பூ என்றாள். நான் கண்ணாடியை நீட்டினேன். பெரிய அதிகாரி அதைக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அதை வித்தியாதரிசியிடம் கொடுத்தார். அவர் வாங்கினார். வாங்காமல் இருக்க இந்த முறை அவரால் முடியவில்லை.

"உனக்கு இத ஆர் சொல்லித் தந்த, மகள்?" என்று பெரிய அதிகாரி பிள்ளையைக் கேட்டார்.

"சின்ன டீச்சர் சேர். இப்ப அவ இல்ல."

"ஏன் இல்ல?"

பிள்ளை என்னைப் பார்த்தது. "அதுக்குக் காரணம் லொக் புத்தகத்தில கிடக்கு சேர்" என்றேன்.

அலுவலக அறையில் அந்தப் பக்கத்தை நானே புரட்டிக் கொடுத்தேன். மலைநாட்டுக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்தேன். பெரிய அதிகாரி குறிப்பைச் சத்தமாக வாசித்தார். ஒரு பூண்டை இரண்டு என்றும், ஒரு பூவை இருபத்தொன்று என்றும். வாசித்துவிட்டுப் பேனாவை எடுத்து வித்தியாதரிசிக்கு முன்னால் வைத்தார். "நீங்க எழுதினத நீங்களே திருத்துறதுதான் முறை" என்றார்.

அவர் எழுதினார். நான் தூரப் போகவில்லை. மேசைக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அந்தப் பெருவிரல் பேனாவை அழுத்திப் பிடித்ததில் நுனி வெளுத்திருந்தது. மேற்படி குறிப்புப் பிழையானது, இவை இரண்டும் வெவ்வேறு பூண்டுகள் என்று எழுதிவிட்டுப் பேனாவை வைக்கப் போனார்.

"பூவின்ட எண்ணிக்கையும் கிடக்கு சேர்" என்றேன்.

மறுபடி எடுத்து எழுதினார். ஒரு பூவென்று தோன்றுவது பல பூக்களின் தொகுதி என்று அந்த ஆசிரியை கற்பித்தது சரி. கையொப்பம். நெற்றியில் வியர்வை. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பெரிய அதிகாரியின் கண் கீழே இருந்த இரண்டு வரியில், அடக்கமும் பாடத் தேர்ச்சியும் என்ற இடத்தில், ஒரு கணம் நின்றது. நான் வாய் திறக்கவில்லை. அவர் புத்தகத்தை மூடினார்.

காருக்குப் போகும் வழியில் வித்தியாதரிசி எனக்குப் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "உங்களுக்கு நான் நல்லதுதானே எழுதினன், டீச்சர்?"

"ஓம் சேர். அதுதான்" என்றேன்.

அன்று பின்னேரம் ஆறாம் வகுப்பில், நடந்ததை வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அப்படித் தடுத்தால்தான் அது விளக்கு வைப்பதற்குள் ஊருக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அடுத்த தடவை அவருடைய கார் தெருவில் வந்தபோது பொடியன்கள் வேலிக்குப் பின்னால் நின்று "இருபது பூ சேர்! ஒரு மாங்காய்க்குள்ள எத்தின மாங்காய்?" என்று கத்தினார்கள். பிறகு அவர் மாற்றம் கேட்டுப் போய்விட்டார் என்று அறிந்தேன். ஒருநாள் கல்முனை பஸ் நிலையத்தில் என்னைக் கண்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலை நினைத்தால் எனக்கு இன்றும் இனிக்கிறது. இதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

அவர் எழுதிய அன்று மாலையே சின்ன டீச்சர் வீட்டுக்குப் போனேன். தறிக் கொட்டிலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை. என்னைக் கண்டதும் எழும்பவுமில்லை, வா என்று சொல்லவுமில்லை. நின்றபடியே சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கை நின்றது. முழுவதும் கேட்டுவிட்டு, "மறுகா சொல்லுங்க" என்றாள். மறுபடி சொன்னேன். மூன்றாம் தரமும் சொல்ல வைத்தாள்.

"எழுதக்குள்ள முகம் எப்பிடிக் கிடந்திச்சு?"

"வேர்த்திச்சு."

"கண்ணாடிய எந்தக் கையால வாங்கின?"

"வலக் கையால."

"அந்த வெரலாலயா?"

"ஓம்."

அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. கணவரைக் கூப்பிட்டு, "உம்மாவ, காரைதீவு டீச்சருக்குத் தேத்தண்ணி வெக்கச் சொல்லுங்க" என்றாள். பாயை உதறி விரித்து என்னை உட்கார வைத்தாள். தேத்தண்ணி வந்தது. நான் பாதி குடித்திருப்பேன்.

"மற்ற ரெண்டு வரி?" என்றாள்.

எனக்கு விளங்கியது. ஆனாலும், "எந்த ரெண்டு வரி?" என்று கேட்டேன்.

"உங்கட வரி."

"அது அப்பிடியே கிடக்கு."

அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "அவர எழுத வெச்சிட்டீங்க டீச்சர். நல்லம். நீங்க எப்ப எழுதப் போறீங்க?" என்றாள்.

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பி வந்தேன். திருத்தம் எழுதியும் அவளுக்கு உத்தியோகம் திரும்பக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் ஐம்பது வருடத்துக்கு மேலே நாங்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தோம். அவளுடைய மகள்மாரின் கல்யாணங்களுக்குப் போனேன். என் தம்பியின் சாவுக்கு அவள் காரைதீவுக்கு வந்தாள். அந்தக் கேள்வியை அவள் திரும்பக் கேட்கவில்லை. நான் பதிலும் சொல்லவில்லை. அவள் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் இப்போது சில வருடங்கள். எனக்குத் தொண்ணூறு நெருங்குகிறது.

சுனாமி என்று கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் பாடசாலையின் பழைய கட்டடமும் அலுமாரிகளும் போயின. லொக் புத்தகங்களும் போயின. அவர் எழுதிய பிழையும் இல்லை, திருத்தமும் இல்லை, என்னுடைய இரண்டு வரியும் இல்லை. இனி அதைச் சாட்சி சொல்ல ஒரு தாளும் இல்லை என்பதால் நான் தப்பித்துவிட்டேன் என்று சில வருடங்கள் நினைத்திருந்தேன். அப்படித் தப்பிக்க அவளுடைய கேள்வி என்னை விடவில்லை. ஆகவே இதை என் கையாலேயே எழுதுகிறேன். அந்த இரண்டு பூண்டுகளையும் அன்று காலை பறித்துக் கொண்டுவந்தவள் நான். இரண்டும் வேறு வேறு என்று எனக்குத் தெரியும். கேட்டபோது, தெரியாது என்று சொன்னேன்.